வைட் கன்வர்ட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கையில் இருக்கும் கேமராவைப் பாருங்கள்

பரணில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்துத் துடைத்து, புது பேட்டரி போட்டு, லென்ஸ் ‘விர்ர்’ என்று வெளியே வருவதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வரும். நாலு நாள் படம் எடுத்தபின் ஒரு குறையும் தெரிய வரும்: அகலம் போதவில்லை. 2000களில் வந்த சின்ன கேமராக்களில் ஏராளமானவை ஃபிலிம் கேமரா கணக்குப்படி 35 மி.மீ. குவியத் தூரத்தில்தான் தொடங்கும், இந்த எண் குறையக் குறையத்தான் படத்தில் அகலம் கூடும். இதை எளிதாக நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு, எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம்தான் படத்தில் விழும். ஆறடி தூரத்தில் ஆட்களை நிறுத்தினால் ஆறடி அகலம், நாலு பேர் தோளோடு தோள் உரசி நிற்கலாம், ஐந்தாவது ஆளுக்குப் பாதி முகம்தான். வீட்டுக்குள் நடக்கும் வளைகாப்பிலும் பிறந்தநாளிலும் பின்னால் நகர்வதற்கு இடம் ஏது?

அந்த இடத்தில் கைகொடுப்பதுதான் வைட் கன்வர்ட்டர். கேமராவின் லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற இன்னொரு கண்ணாடித் தொகுதி. அதன்மேல் 0.7 எக்ஸ் என்று எழுதியிருந்தால் 35-ஐ 0.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 24.5 மி.மீ. வரும். அதே ஆறடி தூரத்தில் இப்போது எட்டரை அடி விழும், ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் முழுசாகத் தெரிவார்கள். நிஜமாகவே உபயோகமான சாமான். ஆனால் மலிவாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் கன்வர்ட்டரில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள், அதை மாட்டப்போகும் கேமராவைப் பார்ப்பதில்லை. நான் முதலில் வாங்கியதும் அப்படித்தான், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது

சட்டைப் பையில் போடுகிற மெல்லிசான கேமராக்களின் லென்ஸ் முனையில் மரையே இருக்காது. எதையும் திருகி மாட்ட வழியில்லை. இவற்றுக்கென்று காந்த வளையம் வைத்த குட்டி கன்வர்ட்டர்கள் கிடைக்கும், லென்ஸைச் சுற்றி ஒரு இரும்பு வளையத்தைப் பசை வைத்து ஒட்டி அதன்மேல் கன்வர்ட்டரைக் காந்தத்தால் நிறுத்துவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த லென்ஸ் குழாயை உள்ளே வெளியே நகர்த்துவது ஒரு சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களும். தன் எடையை மட்டும் சுமக்கச் செய்த பொருள் அது, முனையில் கண்ணாடியைத் தொங்கவிட்டால் ஒருநாள் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, திரையில் லென்ஸ் எரர் காட்டிவிட்டு அணைந்துவிடும். பழைய கேமராவுக்கு அதைச் சரிசெய்து தர ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, எந்த மாதிரி கேமராவுக்கு வாங்கலாம்? 2007-இல் வந்த கேனன் ஏ570 ஐஎஸ், அடுத்த வருடம் வந்த ஏ590 ஐஎஸ் இரண்டும் நல்ல உதாரணம். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தித் திருகினால் கழன்று வரும். அந்த இடத்தில் எல்.ஏ-டி.சி. 52ஜி என்ற குழாயை மாட்டவேண்டும், குழாயின் முன்முனையில் 52 மி.மீ. மரை இருக்கும், கன்வர்ட்டர் அதில் ஏறும். இதில் கவனிக்க வேண்டியது, குழாய் கேமராவின் உடம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, லென்ஸ் அதற்குள்ளே தொடாமல் போய் வருகிறது. மோட்டார்மேல் ஒரு கிராம் எடைகூட விழாது. கேனனின் ஜி வரிசை, பேனசோனிக் எல்.எக்ஸ் 3 ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான், குழாயும் மரை அளவும் மட்டும் வேறு. எல்.எக்ஸ் 3-க்கு 46 மி.மீ., ஜி10 முதல் ஜி12 வரை 58 மி.மீ. உங்கள் கேமராவுக்கு இப்படி ஒரு குழாய் உண்டா என்பதை அதன் கையேட்டில், துணைச் சாதனங்கள் பகுதியில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் கன்வர்ட்டர் ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மரை அளவைத் தப்பாகப் படிப்பது

லென்ஸின் முகத்தில் 5.8–23.2 மி.மீ. என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ‘என் லென்ஸ் 23 மி.மீ., அதற்கு ஒரு கன்வர்ட்டர் வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. அது குவியத் தூரம், லென்ஸின் விட்டம் இல்லை. மரை அளவைச் சொல்வது வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண். குழாய் போட்டு மாட்டுகிற கேமராவில் அந்த எண் குழாயின் விளிம்பில்தான் இருக்கும்.

மரை பொருந்திவிட்டது என்பதற்காக எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைக்கவும் கூடாது. 52 என்பது திருகும் விளிம்பின் அளவு, உள்ளே இருக்கும் கண்ணாடி அதைவிட எவ்வளவோ சின்னதாக இருக்கலாம். மலிவுச் சரக்கில் பல, வெளியே அகலமான பட்டை போட்டுப் பெரிதாகக் காட்டும், பின்பக்கம் திருப்பினால் கண்ணாடி சுண்டைக்காய் அளவு இருக்கும். விற்பவர் பின்பக்கப் படம் போடாவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய வீடியோ கேமராவுக்குச் செய்த 37 மி.மீ. கன்வர்ட்டரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, 52-இலிருந்து 37-க்கு இறக்கும் ரிங் போட்டு மாட்டுவதும் இதே தவறுதான், அகலமான ஜன்னலில் சின்னச் சட்டத்தை வைத்து அடைத்த மாதிரி ஓரமெல்லாம் கறுத்துவிடும். ஏற்றும் ரிங் போட்டு 58 மி.மீ. கன்வர்ட்டரை 52-இல் மாட்டலாம், அதில் இந்தத் தொல்லை குறைவு.

குழாயின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால் கன்வர்ட்டர் லென்ஸிலிருந்து தள்ளிப்போய் மூலைகள் இருண்டுவிடும். நீளம் குறைந்தால் ஜூம் செய்யும்போது லென்ஸ் வந்து கன்வர்ட்டரின் பின்கண்ணாடியில் முட்டும், இது இன்னும் மோசம். கேமரா மாடல் பெயரைச் சொல்லி விற்கும் குழாயாகவே வாங்குங்கள், பல மாடலுக்கும் ஆகும் என்று விற்பதை வாங்கினால் குழாயை மாட்டும் முன் முழு ஜூமில் லென்ஸ் எவ்வளவு நீளும் என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

எண் சிறிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கடைத் தளத்தில் 0.7 எக்ஸ் ஒன்று, 0.45 எக்ஸ் ஒன்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், விலை பெரும்பாலும் ஒன்றேதான், சில நேரம் 0.45 இன்னும் மலிவு. 35-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 15.75, அடேயப்பா, அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். நான் வாங்கியது அதைத்தான். மாட்டிப் பார்த்தால் படத்தின் நாலு மூலையும் கறுப்பு, கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மட்டும். கறுப்பு போகவேண்டுமென்றால் ஜூமைக் கொஞ்சம் முன்னால் தள்ளவேண்டும், தள்ளித் தள்ளி 50 மி.மீ. பக்கம் வந்தபிறகுதான் மூலைகள் தெளிந்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். 50-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 22.5. ஜூமை முன்னால் தள்ளத் தேவையில்லாத ஒரு ஒழுங்கான 0.7 எக்ஸ், 35-இலேயே 24.5 தருகிறது. ஆறடி தூரத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் அடி. அந்த முக்கால் அடிக்காக நாம் கொடுக்கும் விலை என்ன? ஜூம் செய்ததால் லென்ஸின் வாய் சுருங்கி வெளிச்சம் குறைகிறது, வீட்டுக்குள் எடுக்கும் படம் ஆட்டம் காண்கிறது, ஓரத்தில் நிற்பவர்களின் முகம் கரைந்த மாதிரி மங்குகிறது, வெள்ளை வேட்டியின் விளிம்பில் ஊதாக் கோடு தெரிகிறது. எண் எவ்வளவு சிறுக்கிறதோ கண்ணாடி அவ்வளவு கடுமையாக ஒளியை வளைக்கவேண்டும், அப்படி வளைக்கும்போது நிறங்கள் பிரிந்து போகாமல் இருக்க வெவ்வேறு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்துத் தயாரிக்கவேண்டும், அதற்குக் காசு ஆகும். சில நூறு ரூபாய் கன்வர்ட்டரில் பெரும்பாலும் முன்னால் ஒரு குழிக் கண்ணாடி, பின்னால் ஒரு குவிக் கண்ணாடி, அவ்வளவுதான்.

அந்த 0.45-இல் ‘மேக்ரோவும் சேர்த்து’ என்று எழுதியிருக்குமே, அது முன்பாதியைக் கழற்றினால் மிஞ்சுகிற அந்தப் பின் குவிக் கண்ணாடிதான். பூ, நாணயம், எறும்பு எடுக்க அது நன்றாகவே உதவும், நான் இன்றும் அதற்குத்தான் அதை வைத்திருக்கிறேன்.

கேமரா நிறுவனங்களே இந்த விஷயத்தில் எவ்வளவு அடக்கி வாசித்தன என்று பாருங்கள். ஏ570-க்குக் கேனன் விற்ற கன்வர்ட்டர் 0.7, எல்.எக்ஸ் 3-க்குப் பேனசோனிக் விற்றது 0.75, ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100-க்கு வந்தது வெறும் 0.8, அதாவது 35 மி.மீ.யை 28 ஆக்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள். தனியாகக் கன்வர்ட்டர் செய்து பேர் வாங்கிய ரேனாக்ஸ்கூட 0.66, 0.7 என்ற அளவில் பல செய்திருக்கிறது. பழைய சரக்கில் இவற்றில் ஒன்று தென்பட்டால், பெயர் தெரியாத புத்தம்புது 0.45-ஐவிட அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியில் ஹெச்.டி., டைட்டானியம், ப்ரோ என்று எழுதியிருப்பதற்கெல்லாம் ஒரு மதிப்பும் கொடுக்கவேண்டாம். கையில் எடுத்துப் பார்க்கிற வாய்ப்பிருந்தால் பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்து ஒரு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். எல்லாம் சின்னதாக, ஆனால் கூர்மையாகத் தெரியவேண்டும். ஓரத்தில் கம்பி கொஞ்சம் வளைவது சகஜம், இரண்டு மூன்று நிறமாகப் பிரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழையது வாங்கும்போது இன்னொன்று, பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்த கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரிப் படர்ந்திருக்கும். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது.

மாட்டிய பிறகு கேமராவைப் பழையபடியே பயன்படுத்துவது

குழாயும் கன்வர்ட்டரும் ஏறியதும் கேமராவின் ஃபிளாஷ் பாதி மறைந்துவிடும். படத்தின் கீழ் மூலையில் வளைவாக ஒரு நிழல் விழும், அதைப் பார்த்துவிட்டுக் கன்வர்ட்டர் கெட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு விளக்குகளைப் போடுங்கள், ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, கொஞ்சம் ஏற்றுங்கள். கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலும் மறையும், மறையாவிட்டாலும் அதில் தெரிவது பழைய அகலம்தான், அதனால் திரையைப் பார்த்தே எடுக்கவேண்டும்.

ஏ570 மாதிரி ஆட்டம் தாங்கும் வசதி உள்ள கேமராவில் மெனுவுக்குள் ‘கன்வர்ட்டர்’ என்று ஒரு இடம் உண்டு, அங்கே வைட் கன்வர்ட்டருக்கான தேர்வை எடுக்கவேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கை ஆட்டத்தை எவ்வளவு சரிக்கட்ட வேண்டும் என்று கேமரா கணக்கிடுவது குவியத் தூரத்தை வைத்து, முன்னால் கண்ணாடி மாட்டியது அதற்குத் தானாகத் தெரியாது, தேவைக்கு மேல் சரிக்கட்டும். கழற்றியதும் பழையபடி மாற்றிவிடவும் மறக்காதீர்கள்.

அப்புறம், குழாயில் ஏற்கெனவே யு.வி. ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட்டுக் கன்வர்ட்டரை மாட்டுங்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை நாமே வைக்க முடிகிற கேமராவானால் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப்/4 முதல் எஃப்/5.6-க்குள் வையுங்கள், மூலைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு தேறும். அதைத் தாண்டி எஃப்/8-க்குப் போனால் இவ்வளவு சின்ன சென்சாரில் மொத்தப் படமும் மங்க ஆரம்பிக்கும். குழுப் படத்தில் பெரியவர்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அகல லென்ஸில் ஓரத்து முகம் இழுபடும்.

தேவையில்லாத வேலைக்கு வாங்குவது

கோபுரம், மலை, ஏரி, வயல்வெளி இவற்றுக்காக மட்டும் கன்வர்ட்டர் வேண்டும் என்றால், வேண்டாம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இடமிருந்து வலமாக மூன்று படம், முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் விழும்படி எடுத்து, கணினியில் ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் ஒட்டித் தந்துவிடும். மலிவுக் கன்வர்ட்டர் எதுவும் தராத கூர்மை அதில் கிடைக்கும், கேனனின் பல பழைய சின்ன கேமராக்களில் இப்படி எடுப்பதற்கென்றே ஸ்டிட்ச் அசிஸ்ட் என்று ஒரு முறை இருக்கிறது. ஆட்கள் நகரும் இடத்திலும், நாற்காலியும் பீரோவும் பக்கத்திலேயே நிற்கும் சின்ன அறையிலும்தான் இந்த ஒட்டு வேலை சொதப்பும், கன்வர்ட்டருக்கு உண்மையான வேலை அங்கேதான்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் பார்சல் வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். செய்தித்தாள் பக்கங்களைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, டைமர் வைத்து, ஜூம் செய்யாமல் எஃப்/5.6-இல் ஒரு படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். மூலையில் தலைப்பு எழுத்துகள் படிக்க முடிந்து பொடி எழுத்து மட்டும் மங்கலாக இருந்தால் கொடுத்த காசுக்கு நல்ல பொருள்தான். தலைப்பே கரைந்திருந்தால், அல்லது ஒரு பக்க மூலை மட்டும் மற்றதைவிட மோசமாக இருந்தால் கண்ணாடி உள்ளே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பெட்டியைத் தூக்கிப் போடும் முன் அதிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.