வண்ண முகப்பைக் கண்டு மயங்க வேண்டாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நீலமோ பச்சையோ மின்னும் முகப்போடு பழைய சுவிஸ் கைக்கடிகாரம் கிடைத்தால், உடனே பணத்தை எடுக்காதீர்கள். பழைய முகப்புக்கு மறுவண்ணம் பூசி விற்பது நம் சந்தையில் சாதாரணம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் 6 மணிக்குக் கீழுள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். மை கசிந்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு சேராமல் விலகியிருந்தாலோ தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே வெளியிடப்படும் புதிய வரையறுக்கப்பட்ட பதிப்பு என்றால், கடிகாரத்தின் எண் உத்தரவாத அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். 2021-இல் சுவிஸ் கடிகார நிறுவனமான படேக் பிலிப், டிஃபனி நகை நிறுவனத்தின் அடையாளமான வெளிர் நீலத்தில் (டிஃபனி நீலம்) 170 கடிகாரங்களே வெளியிட்டது. அந்த நிறத்துக்குப் போலிகள் ஏராளம்.

உங்கள் ஐயா (தாத்தா) பர்மாவிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறதா? மங்கிய முகப்பை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடுவதே அந்த மங்கலைத்தான்.