மலைக்குக் கேரவன் ஓட்டிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சபை ஆயர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, ஆயர் குடியிருக்கும் குருமனையைக் காலி செய்த பிறகு, பழைய ட்ராவலர் வண்டி ஒன்றில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு நானும் என் மனைவியும் பழனி மலைப் பக்கம் போய்வருகிறோம். கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி என்று எங்கே மனம் நிற்கிறதோ அங்கே வண்டியும் நிற்கும். இப்போது எங்களைப் போலக் கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், என்னோடு ஊழியம் செய்த சில ஆயர்கள். அவர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு கவலை வருகிறது. புதிதாகக் கேரவன் எடுத்த எல்லோரும் விழுகிற அதே பள்ளங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

டயரில் காற்றைப் பாருங்கள், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் வீட்டிலேயே பிள்ளைகள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஏறும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. வண்டி இழுக்குமா, இன்ஜின் சூடாகுமா என்று ஆயிரம் கேள்வி. இறங்கும்போது அந்தப் பயம் போய்விடுகிறது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம், இனிமேல் வண்டி தானாக உருண்டு போகும் என்று நினைக்கிறார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு பக்கம் இறங்கினால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் சுமார் 1,800 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். மூன்றரை டன் எடையுள்ள வண்டி அவ்வளவு தூரம் கீழிறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 17 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2,000 வாட் கீசரை எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடவிட்டால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு. காற்றும் டயர் உராய்வும் இதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மீதியை இன்ஜின் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஏற்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டால் மொத்தச் சூடும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

அப்புறம் என்ன நடக்கும்? முதலில், சக்கரத்தின் டிரம்மை அழுத்திப் பிடித்து நிறுத்தும் பட்டையான லைனர் கருகும் வாடை வரும். யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். லைனர் அளவுக்கு மீறிச் சூடானதும் பிடிப்பு குறையும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க யோசிக்கும். இன்னும் சூடு ஏறினால் பிரேக் ஆயிலே கொதிக்கும். ஆயிலுக்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டால் மிதித்த மிதி சக்கரத்துக்குப் போகாது, பெடல் தரை வரை இறங்கிவிடும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று வகைகள் உண்டு. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை, டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 3க்கு அந்த அளவு வெறும் 140 டிகிரிதான். வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத பழைய வண்டியை வாங்கி, உள்ளே மரவேலை செய்து பெயின்ட் அடித்து அழகாக்குகிறவர்கள் இந்தச் சின்னப் புட்டியை யோசிப்பதே இல்லை. மலை ஏறுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் சொல்லி பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டம்டம்பாறை பக்கம் ஒருநாள் நாங்கள் வண்டியை ஓரங்கட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து ஒரு புதிய கேரவன் வந்து நின்றது. பின்சக்கரம் இரண்டிலும் புகை. ஓட்டி வந்தவர் என் வயதுக்காரர். மனைவி இறங்கி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த மனிதர் பரபரவென்று வண்டிக்குள்ளிருந்து பக்கெட்டில் தண்ணீர் எடுத்துவந்து சக்கரத்தில் வீசிவிட்டார். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மேல்மலையிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரிக்காரத் தம்பி ஒருவர் எதிர்க் கடையிலிருந்து ஓடி வந்து, "ஐயா, ஊத்தாதீங்க! டிரம்மு விட்டுரும்!" என்று கத்தினார். அதற்குள் ஒரு பக்கம் ஊற்றியாகிவிட்டது. கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழும். அன்றைக்கும் விழுந்தது. அந்த வண்டியை இன்னொரு வண்டியில் கட்டித்தான் கீழே கொண்டுபோனார்கள். டிரம், லைனர், சீல் எல்லாம் மாற்ற வேண்டியிருந்ததாகப் பிறகு சொன்னார். பணம் போனது போகட்டும். இன்னும் சில வளைவுகள் தாண்டியிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும்.

ஏன் நியூட்ரலில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். டீசல் மிச்சமாகுமே என்றார். எனக்கு ஆறாத கோபம் இந்த ஒரு வார்த்தையின் மேல்தான். இதில் உண்மையே கிடையாது. இப்போது வருகிற டீசல் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்ஜினுக்குப் போகும் டீசலை வண்டியே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கு டீசல் எரிந்தே ஆக வேண்டும். இன்னும் சிலர் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்யூம் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் நின்றால் ஓரிரு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் இரண்டும் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அந்த லாரிக்காரத் தம்பி சொன்னது மலைச் சாலையில் ஓட்டுகிற எல்லோரும் சொல்வதுதான்: "ஏறுன கியர்லயே இறங்குங்க ஐயா." இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாது. பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவது கூடாது. வேகம் கூடினால் நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் டி-யில் விட்டுவிடாமல் எல் அல்லது 2-க்கு மாற்றுங்கள். பெருமாள்மலையில் ஒரு தடவை, ஊத்தில் ஒரு தடவை என்று நின்று நின்று இறங்குங்கள். வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றாமல், முக்கால் மணி நேரமாவது சும்மா விடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறுக்காதீர்கள்.

பெடல் உள்ளே போய்விட்டால்? விடாமல் குத்திக் குத்தி மிதியுங்கள், கொஞ்சம் பிடிப்பு திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெதுவாக ஏற்றுங்கள். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். வண்டி நசுங்கினால் நசுங்கட்டும்.

இன்னொன்று. 200 லிட்டர் தொட்டி என்றால் 200 கிலோ. மேலே கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, அதனால் ஏறும்போது நிரப்பிக்கொண்டு போவது சரி. இறங்கும்போது எதற்கு? மிச்சமிருக்கிற நல்ல தண்ணீரைத் தேநீர்க் கடைக்கோ தோட்டத்துக்கோ கேட்டுக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

மேப் காட்டுகிற குறுக்கு வழி

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஒரு சாலை இருக்கிறது. போனில் பார்த்தால் தூரம் குறைவு. பார்ப்பதற்கும் அவ்வளவு அழகு. ஆனால் குறுகலானது, செங்குத்தானது, மழைக்காலத்தில் மண் சரியும் சாலை. காருக்கே சிரமம், கேரவனுக்கு எதிரே ஒரு ஜீப் வந்தால் எங்கே ஒதுங்குவது? வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் போன் அறியாது. அடிவாரத்துத் தேநீர்க் கடையில், "அண்ணாச்சி, இந்த வண்டி போகுமா?" என்று கேட்டால் அவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். அவர் போகாது என்று சொன்னால் திரும்பிவிடுங்கள்.

கேட்காமல் இராத் தங்குவது

வண்டியிலேயே படுக்கை இருப்பதால் எங்கும் படுத்துக்கொள்ளலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மலையில் ஆளில்லாத இடம் என்று தெரிவதில் பாதி வனத்துறை நிலம். அனுமதியில்லாமல் இரவு தங்கக் கூடாது. மீதி யாரோ ஒருவருடைய பூண்டு வயல், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் களம், கோவில் திடல். விடியற்காலையில் லாரி வந்து மூட்டை ஏற்ற வேண்டிய இடத்தில் நீங்கள் திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

நாங்கள் செய்வது இதுதான். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுவோம். கடையில் எதையாவது வாங்குவோம். ஊர்ப் பெரியவர் யார் என்று விசாரித்து அவரிடம் கேட்போம். பூம்பாறையில் அப்படிக் கேட்டபோது பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், "ஐயரம்மா, எங்க வீட்டு வாசல்லயே நிறுத்துங்க" என்று என் மனைவியைக் கூப்பிட்டார்கள். ஆயரின் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். இரவு அவர்கள் வீட்டுக் களியும் கீரையும்தான் எங்களுக்குச் சாப்பாடு. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தும் வியாபாரி வைக்கிற விலைதான் இன்னமும் விலை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். விதைப்பூண்டுக்கு வாங்கிய கடன், கீழே ஊரில் படிக்கிற மகளின் விடுதிக் கட்டணம் என்று பேச்சு வெகுநேரம் போனது. கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டிருந்தால் நாங்கள் பூம்பாறைக்குப் போய்வந்ததாகவே ஆகாது.

குளிருக்குக் கரி அடுப்பு

கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். கேரவன் அந்த அறையைவிடச் சின்னது. கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான். கரியை வண்டிக்குள் ஏற்றவே ஏற்றாதீர்கள், தணலாக இருந்தாலும். கேஸ் அடுப்பும் சமைக்க மட்டும், குளிர்காய அல்ல. எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

காய்கறித் தோலை வெளியே வீசுவது

காட்டுமாடு வரும். வந்தால் விரட்டாதீர்கள், லைட் அடிக்காதீர்கள், உள்ளேயே இருங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்

மேலே தடை. கேனில் கொண்டுபோங்கள்.

இ-பாஸ்

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இந்த இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயம். கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இறங்கியதும் பிரசங்கம் தொடங்குவது

இது என் சக ஆயர்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம்.

நாற்பது வருடம் பேசிப் பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகும் நாலு பேர் கூடி நின்றால் நாம் பேசத் தொடங்கிவிடுகிறோம். என் நண்பர் ஒருவர் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக, நற்செய்தி அச்சிட்ட கைப்பிரதிகளை எடுப்பார். தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு, உடனே எழுந்து போய்விட்டார்கள். அவருக்கு வருத்தம். எனக்கும் வருத்தம், வேறு காரணத்துக்காக. அந்தப் பெண்களில் ஒருவருடைய கணவர் முந்தின வாரம்தான் மரத்திலிருந்து விழுந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதை மறுநாள் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். யாராவது கேட்டிருந்தால் அந்த அம்மா சொல்லியிருப்பார்.

1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உடம்பு தேற வந்த இடம் இது. நாமும் இளைப்பாறத்தான் வந்திருக்கிறோம். இங்கே நம்மை யாரும் சபை நடத்தக் கூப்பிடவில்லை. மழை எப்படி, கேரட்டுக்கு என்ன விலை, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். ஜெபிக்கச் சொல்லி அவர்களே கேட்டால் ஜெபியுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுப்பது, வயலில் குனிந்து நிற்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுப்பது, இரண்டையும் விட்டுவிடுங்கள். போட்டோ எடுத்தே ஆக வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள், அடுத்த தடவை போகும்போது பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்குவது

சுற்றுலா வண்டிகள் மொத்தமும் அப்போதுதான் இறங்கும். நின்று நின்று நகர்வதில் கிளட்சும் பிரேக்கும் தேயும். திங்கட்கிழமை காலை, பனி விலகியதும் கிளம்புங்கள்.