பழைய மர்மப் படம் பார்க்க உட்காரும் முன்

பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படங்களும் வாள்சண்டை சாகசப் படங்களும் பிடிக்கவில்லை என்று பாதியில் நிறுத்துபவர்கள், முதலில் டிவியின் செட்டிங்ஸைப் பாருங்கள். 1953-க்கு முன் வந்த ஹாலிவுட் படங்கள் ஏறக்குறைய 4:3 (அகலம்:உயரம்) அளவில்தான் எடுக்கப்பட்டன, அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பினால் முகமெல்லாம் அகலமாகிவிடும், அதனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். 'மோஷன் ஸ்மூத்திங்' (அசைவை வழவழப்பாக்க டிவி தானே இடையில் ஃபிரேம்களைச் சேர்க்கும் வசதி) இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சினிமா, நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுவதுதான் அழகு.

அப்புறம், எதில் தொடங்குவது? 1930, 40-களின் பி-மூவி மர்மங்களில் தொடங்கலாம். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில் துணைப் படமாக ஓடியவை என்பதால் பல படங்கள் 60, 70 நிமிடத்திலேயே முடிந்துவிடும். பணம் குறைவு, அதனால் செட்டின் போதாமையை இருட்டாலும் மூடுபனியாலும் மறைத்தார்கள், அந்த நிழல்தான் பிறகு பலரையும் மயக்கிய அழகானது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், இது ரொம்ப முக்கியம்.

சாகசப் படமென்றால் புதுப்பிக்கப்பட்ட பிரதியைத் தேடிப் பிடியுங்கள். டெக்னிகலர் என்ற பழைய வண்ணப்பட முறையின் சிவப்பும் பச்சையும் மங்கிய பிரதியில் தெரியவே தெரியாது.