தமிழ் நூற்பட்டியலைச் சீராக்க ஓப்பன்ரிஃபைன்: நூலக ஆசிரியர்களுக்கு

இயங்கலைப் பட்டறைகளில் ஒரே நாளில் எட்டுக் கருவிகளைக் காட்டி, மாலையில் மின்சான்றிதழும் அனுப்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை நூலகத்தைத் திறந்தால் ஒன்றும் கைக்கு வருவதில்லை. ஒரே ஒரு கருவியை எடுத்து, உங்கள் நூலகத்தின் குழம்பிக் கிடக்கும் பட்டியல்மீதே பழகுங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு முதல் கருவியாக நாங்கள் சொல்வது ஓப்பன்ரிஃபைன், அதாவது குழம்பிய பட்டியலைச் சீராக்கும் மென்பொருள். இது இலவசம். உலாவியில் திறந்தாலும் உங்கள் கணினியிலேயே ஓடுவதால் பட்டியல் வெளியே போகாது. விண்டோஸ் என்றால் ஜாவா சேர்ந்தே வரும் பதிப்பை இறக்குங்கள்.

முதலில் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து, அதில் 200 வரிகளை மட்டும் கூகுள் ஷீட்ஸில் வையுங்கள். ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு எண்) நெடுவரிசையை ஒட்டுவதற்கு முன்பே 'பிளெயின் டெக்ஸ்ட்' ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஆங்கில நூல்களின் 10 இலக்க எண்ணில் முதலில் நிற்கும் 0 காணாமல் போகும். பழைய 10 இலக்க எண்ணின் முன் வெறுமனே 978 சேர்ப்பதும் தவறு, ஏனென்றால் கடைசி இலக்கம் மாறும். 13 இலக்க எண்ணைச் சரிபார்க்க, ஒற்றைப்படை இடத்து இலக்கங்களை அப்படியே எடுத்து, இரட்டைப்படை இடத்தவற்றை 3ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். நம் மலேசிய நூல்களில் 978க்கு அடுத்து 983, 967 அல்லது 629 வரும். இந்திய நூல்களில் 81 அல்லது 93.

தமிழ்ப் பட்டியலில் அதிகம் படுத்துவது எழுத்துகள்தான். மாணவர் 'கொடி' என்று தேடுகிறார், நூல் அலமாரியில் இருக்கிறது, தேடலில் மட்டும் வரவில்லை. காரணம், கணினியில் 'கொ' இரண்டு வகையாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்: க உடன் ொ என்ற ஒரே குறி, அல்லது க உடன் ெ, ா என்ற இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குறிகளை எண்ணிச் சொல்லும் 'லென்' சூத்திரம் போட்டுப் பாருங்கள்: முதல் வகையில் 'கொடி'க்கு 4 வரும், இரண்டாவதில் 5. சரிசெய்ய, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் 'சப்ஸ்டிட்யூட்' சூத்திரத்துக்குள், எண்ணைக் குறியாக்கும் 'யூனிசார்' பயன்படுத்தி, 3014ஐயும் 3006ஐயும் அடுத்தடுத்துச் சேர்த்த இணையை 3018 ஆக மாற்றுங்கள். ஓகாரத்துக்கு 3015, 3006 இணை 3019 ஆகும்.

ஔகாரத்தில் மட்டும் இப்படி மொத்தமாகக் கை வைக்காதீர்கள். 'கௌதமன்' என்பதைப் பலர் ெ, ள சேர்த்துக் 'கெளதமன்' என்று தட்டியிருப்பார்கள். லென் 6க்குப் பதில் 7 காட்டும். ஆனால் அந்த இணையை எல்லா இடத்திலும் மாற்றினால் 'வெள்ளி'யும் 'வெள்ளம்' என்ற சொல்லும் சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும்.

இப்போது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) ஆக இறக்குங்கள். எக்செல்லிலிருந்து சேமிப்பவர்கள் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ஓப்பன்ரிஃபைனில் ஏற்றும்போதும் எழுத்துக் குறியாக்கமாக யுடிஎஃப்-8 தேர்ந்து, கட்டங்களை எண்ணாக மாற்றும் தெரிவில் குறி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆசிரியர் பெயர். 'மு. வரதராசன்', 'வரதராசன், மு.', 'மு.வரதராசன்', 'மு. வரதராஜன்' என நான்காகக் கிடப்பதை ஒன்றாக்க வேண்டும். 'எடிட் செல்ஸ்', 'ரீப்ளேஸ்' போய், புள்ளியைப் 'புள்ளியும் ஓர் இடைவெளியும்' என மாற்றுங்கள். 'காமன் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' வழியே அதிகப்படி இடைவெளிகளை நீக்குங்கள். இந்தப் படியை விட்டால் மூன்றாவது வடிவம் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு, பொருத்தத்தில் சிக்காது. பிறகு ஒத்த பெயர்களைக் குழுவாகக் காட்டும் 'கிளஸ்டர் அண்டு எடிட்'. அதில் 'ஃபிங்கர்பிரிண்ட்' முறை சொற்களின் வரிசையையும் நிறுத்தக்குறிகளையும் பொருட்படுத்தாமல் முதல் மூன்றையும் சேர்த்துவிடும். ச/ஜ வேறுபாட்டுக்கு 'நியரஸ்ட் நெய்பர்' முறையில், எத்தனை குறிகள் வேறுபடுகின்றன என்று கணக்கிடும் லெவன்ஷ்டைன் வேண்டும். அங்கே 'பிளாக் சார்ஸ்' (இரு பெயர்களிலும் தொடர்ச்சியாக ஒத்திருக்க வேண்டிய குறிகள்) 6 என்றிருக்கும். தமிழ்ப் பெயர்களுக்கு 3 ஆக்குங்கள். ரேடியஸ், அதாவது அனுமதிக்கும் வேறுபாடு, 1 போதும்.

'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். 'கண்ணன், அ.', 'கண்ணன், ஆ.' இருவரையும் கருவி ஒருவராகக் காட்டும். ஐயம் வந்தால் எழுந்து போய் நூலின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'இராமசாமி த/பெ முருகையா' போன்ற நம் ஊர்ப் பெயர்களை 'முருகையா, இராமசாமி' என்று புரட்டவும் கூடாது. முருகையா அவருடைய தந்தை; நூலை எழுதியவர் இராமசாமி.

முடித்ததும் 'அன்டூ/ரீடூ' தாவலில் 'எக்ஸ்ட்ராக்ட்' அழுத்தினால், ஓப்பன்ரிஃபைனில் செய்த படிகள் உரையாக வரும். அதை நாளும் குறிப்புமாக ஒரு கோப்பில் சேமியுங்கள். அடுத்த 200 வரிகளை ஏற்றி, 'அப்ளை'யில் அதை ஒட்டினால் அதே திருத்தங்கள் தாமாக நடக்கும். புதிய பெயர்களை மட்டும் பார்த்தால் போதும். பக்கத்துப் பள்ளி நூலக ஆசிரியர் கேட்டால் அந்தக் கோப்பைப் புலனத்தில் அனுப்பிவிடலாம். அவருடைய பட்டியலில் நெடுவரிசைப் பெயர்கள் உங்களுடையதைப் போலவே இருக்க வேண்டும்; இல்லையென்றால் படிகள் ஓடாது.