கிளட்ச் கோளாறா? கியர்பாக்ஸை இறக்கும் முன் நில்லுங்கள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சென்ற வாரம் லாரிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸை இறக்குவதற்காக, பின்சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்ன கோளாறு என்று கேட்டேன். “கியர் விழவில்லை அண்ணா, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது” என்றான். ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொன்னேன். இருபத்து சொச்சம் ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொற்களைச் சொல்லிக்கொண்டுதான் இதே போல்ட்டுகளைக் கழற்றினேன்.

பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது, பாதி கிளட்ச்சில் மேட்டில் நிற்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வழுக்குவதையும் விடாமல் பிடிப்பதையும் குழப்பிக்கொள்வது

எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் பிளேட்டை அழுத்தியும் விடுவித்தும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்ச்சின் வேலை. அது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, வழுக்கும்: ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சீறும், வண்டி வேகம் எடுக்காது. சரக்கோடு மேடு ஏறும்போது, உயர்ந்த கியரில், இது முதலில் தெரியும். மற்றொன்று, விடாது: பெடலை முழுவதும் மிதித்த பிறகும் பிளேட் ஃப்ளைவீலோடு சேர்ந்தே சுற்றும், கியர் விழ மறுக்கும்.

தேய்ந்த பிளேட் வழுக்கும். தேய்மானம் மட்டும் கியரைத் தடுக்காது. இதை மனதில் ஊன்றிக்கொண்டாலே பாதி வீண்வேலை மிச்சம்.

விடாமல் பிடிக்கிறதா என்று அறிய, வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் விட்டு, பெடலை முழுவதும் மிதித்து, பத்து எண்ணும் வரை காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள், பிளேட்டிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கறகறவென்று பல் உரசினால், பிளேட் முழுதாக விடுபடவில்லை. ஏன் விடுபடவில்லை என்பதற்கு இந்தச் சோதனையில் விடை கிடையாது.

அளக்காமல் கியர்பாக்ஸை இறக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அன்று வந்த வண்டியில் ரிவர்ஸ் விழவில்லை. சரக்கு காத்திருக்கிறது என்று உரிமையாளர் அவசரப்படுத்தினார். நான் எதையும் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கினேன். உள்ளே பிளேட் நன்றாகவே இருந்தது. ரிவெட்டுக்கு மேல் லைனிங், அதாவது பிளேட்டின் உராய்வுப் பட்டை, தாராளமாக நின்றது. இறக்கியதுதான் இறக்கினோம் என்று பிளேட், அதை ஃப்ளைவீலில் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டு, மறுநாள் மாலை கியர்பாக்ஸை ஏற்றினேன். பெடலை மிதித்து ரிவர்ஸ் போட்டேன். அதே கறகறப்பு.

பட்டறையின் மூத்த மெக்கானிக் ஒரு சாக்பீஸும் இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பியில் கோடு போட்டு, என்னைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். கோடு வெளியே வந்தது, ஆனால் வரவேண்டிய தூரத்தில் பாதிதான். நான் காலை எடுக்கவில்லை. கோடு மெல்ல மெல்ல உள்ளே திரும்பிப் போயிற்று. பெடலோடு இணைந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயிலைப் பின்னால் கசியவிட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. விரல் நுனி அளவு ரப்பருக்காக இரண்டு நாள் உழைப்பும் இன்னொருவர் பணமும் போயின.

பெடலில் கால் கொடுக்கும் தூரம் மாஸ்டர் சிலிண்டர், ஆயில் குழாய், ஸ்லேவ் அல்லது காற்றழுத்தத்தால் உதவும் பூஸ்டர், பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் என்று கைமாறித்தான் ரிலீஸ் பேரிங்கை அடைகிறது. வழியில் எங்கே சில மில்லிமீட்டர் தொலைந்தாலும் பிளேட் விடுபடாது. அதனால் வெளியிலிருந்தே தேடுங்கள். ஆயில் அளவு குறைந்திருக்கிறதா? இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் கியர் விழுகிறது என்றால், பெரும்பாலும் லைனில் காற்று இருக்கும். மிதித்துப் பிடிக்கையில் கம்பி பின்வாங்கினால், வெளிக்கசிவு இல்லாத பட்சத்தில், மாஸ்டரைச் சந்தேகியுங்கள். ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்கள். உப்பினால் கையில் தெரியும். பெடல் பிராக்கெட்டில் விரிசலும், பெடலை இணைக்கும் ஆணியின் துளையில் தேய்மானமும் தூரத்தைத் தின்னும். ஏர் பூஸ்டர் உள்ள வண்டியில் காற்று டாங்க் முழுவதும் நிரம்பிய பிறகே சோதியுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அடியில் போங்கள்.

கம்பியின் நகர்வை அந்த வண்டிக்கான கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். நகர்வு முழுதாக இருந்தும் கியர் உரசினால், அப்போது கியர்பாக்ஸை இறக்குங்கள். வளைந்த பிளேட், இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரியான ஸ்ப்ளைனில் துருப்பிடித்து நகராத ஹப் எனும் பிளேட்டின் நடுப்பகுதி, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கில் உடைந்த டயாஃபிராம் விரல், ஷாஃப்ட்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங் சிக்கிக்கொண்டது எல்லாம் உள்ளேதான் இருக்கும்.

வழுக்கும் வண்டியிலும் இதே நிதானம் வேண்டும். மாஸ்டரின் கம்பிக்குச் சிறிதும் ஆட்டம், அதாவது தள்ளத் தொடங்கும் முன் இருக்கும் சிறு இடைவெளி, இல்லையென்றால், ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, காலை எடுத்த பிறகும் அழுத்தம் உள்ளே தங்கிவிடும். ஸ்லேவின் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீச்சியடித்து, கிளட்ச்சும் உடனே பிடித்தால் பிளேட்டின் மேல் குற்றமில்லை.

நான் நிறுத்திய தம்பியின் வண்டியில் என்ன என்று கேட்பீர்கள். ஹோஸ்தான் உப்பியிருந்தது.

தேய்ந்தால் பெடல் ஆட்டம் கூடும் என்று நம்புவது

நேர்மாறு. லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும். அதன் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கம் வரும். கையால் சரிசெய்யும் வழக்கமான அமைப்பில் ஆட்டம் குறைந்துகொண்டே போய், ஒருநாள் இல்லாமலே ஆகும். அன்று முதல் கிளட்ச் வழுக்கும், பேரிங்கும் ஓயாமல் சுற்றித் தேயும். ஆட்டத்தைச் சரிசெய்தாலே நின்றுவிடும் வழுக்கலுக்குப் பிளேட் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் பட்ட பிளேட்டை மட்டும் மாற்றுவது

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தொட்டு, விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து பாருங்கள். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் கசிகிறது. கெட்டியாக, மூக்கில் ஏறும் நெடியோடு இருந்தால் கியர்பாக்ஸின் முன்பக்க சீல். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டைப் போட்டால் அதே வண்டி அதே கோளாறோடு திரும்பி வரும்.

சத்தம் கேட்டதும் ரிலீஸ் பேரிங்கைக் குறை சொல்வது

நியூட்ரலில் பெடலை மிதித்தால் சத்தம் வருகிறதா, நிற்கிறதா? வந்தால் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் பேரிங். நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள்.

ஆயில்

கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

கிளட்ச் பிரேக் உள்ள வண்டி

ஓடும்போது பெடலைத் தரை வரை மிதித்துச் சோதிக்காதீர்கள். தரை வரை மிதிக்கும்போது இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் அந்த பிரேக், நின்ற வண்டிக்கானது.

புறப்படும்போது வரும் உதறல்

முதலில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், புரொப்பலர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் இரண்டையும் பாருங்கள். பிறகுதான் கிளட்ச்.

கியர்பாக்ஸை பிளேட்டில் தொங்கவிடுவது

ஏற்றும்போது இன்புட் ஷாஃப்ட் பாதி நுழைந்த நிலையில் ஜாக்கியைத் தளர்த்திவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். முழுப் பாரமும் பிளேட்டின் ஹப்பில் இறங்கும், பிளேட் வளையும். புதிய கிளட்ச், முதல் நாளே கியர் விழாது. ஷாஃப்ட் உள்ளே போகவில்லை என்று போல்ட்டுகளை முறுக்கி இழுப்பதும் வேண்டாம். ஜாக்கி பாரத்தைத் தாங்கியபடியே இருக்கட்டும். ஒரு கியரைப் போட்டு, புரொப்பலர் ஷாஃப்ட் மாட்டும் பின்பக்க ஃபிளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஸ்ப்ளைன் பொருந்திய நொடியில் கியர்பாக்ஸ் தானாகவே முன்னே நகரும்.