தலையாட்டிவிட்டு வராதீர்கள்: உளவியல் சிகிச்சைக்கு முதன்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதன்முதலாக ஓர் உளவியல் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்த அன்று, நாற்பத்தைந்து நிமிடமும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ‘கட்டாயம் செய்கிறேன், சார்’ என்றேன். செய்யப்போவதில்லை என்பது மாடிப்படி இறங்கும்போதே எனக்குத் தெரியும். மூன்று வாரம் போனேன். நான்காவது வாரம் ஊரில் கல்யாணம் என்று செய்தி அனுப்பினேன். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பிறகு அவர் அழைத்தபோது நான் எடுக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, தூக்கம் அடியோடு கெட்ட பிறகு, வேறொருவரிடம் போனேன். முன்னவரிடமிருந்து நழுவிய கதையை அசடு வழியச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ‘இங்கேயும் உங்களுக்கு ஏதாவது பிடிக்காமல் போகலாம். அப்போது என்னிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மதிப்புக்குரிய ஒருவரிடம் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்ல, நாற்பது வயதிலும் என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது, பெரியவர் சொன்னால் ‘ஆகட்டும்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். காய்ச்சலுக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. நாம் தலையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும் பாராசிட்டமால் தன் வேலையைச் செய்துவிடும். பேச்சே மருந்தாக இருக்கும் இடத்தில், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைச் சொல்வது, மாத்திரையை விழுங்காமல் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வருவதைப் போன்றது. இனிச் சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மரியாதையிலிருந்து பிறந்தவைதான்.

பலகையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போவது

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசும்போது, இதுவரை எங்கெங்கே சமைத்தார், எத்தனை இலைக்குப் பழக்கம் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மனதைத் திறந்து காட்டப்போகிறவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்கக் கூசுகிறோம்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் முடித்தவர். மாத்திரை எழுதித் தர அவரால் முடியும். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தருவதில்லை. மனநிலையை மதிப்பிட்டு, உளவியல் சிகிச்சை தருகிறவர். நெடுங்காலமாக இதற்கான படிப்பு இரண்டாண்டு எம்.ஃபில். இவர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து, நல்ல பயிற்சியும் பெற்று, அருமையாகச் சிகிச்சை தரும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்து சான்றிதழை மாட்டியவர்களும் அதே ‘ஆலோசகர்’ என்ற பெயரில்தான் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

எனவே தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்: என்ன படிப்பு, என் மாதிரிப் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், கட்டணம் எவ்வளவு, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். முறையாகப் பயின்றவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் உங்களுக்கு ஒரு கட்டணம் மிச்சம்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் கேளுங்கள். பெருநகரங்களில் ஆங்கிலத்திலேயே ஓடும் அறைகள் நிறைய உண்டு. நம் துயரச் சொற்கள் பெரும்பாலும் உடம்போடு ஒட்டியவை: நெஞ்சடைக்கிறது, வயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, வயிறெரிகிறது. இதில் ‘வயிறெரிகிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால், ஒன்று பொறாமையாகிவிடும், இல்லையென்றால் அமிலச் சுரப்பாகிவிடும். ஆங்கிலத்தில் பேசும்போது நானே ஏதோ அலுவலக அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. தமிழுக்கு மாறிய பத்தாவது நிமிடம் அழுதேன்.

உடம்பை மறந்துவிடுவது

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும். பி12 சத்துக் குறைவும் அப்படித்தான். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு, பால்ய காலத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். நல்ல உளவியலாளரே முதலில் இதைக் கேட்பார்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. ‘கவுன்சலிங்தான் போகிறேனே, மாத்திரை எதற்கு?’ என்று தாமாகவே நிறுத்திவிடுவது. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்டவே பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தாக்கியதுபோல் தலைக்குள் ஒரு வெட்டு எல்லாம் வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தீர்ப்பை எதிர்பார்த்துப் போவது

‘வேலையை விடலாமா?’, ‘இந்தக் கல்யாணத்தில் இருக்கலாமா?’ என்று கேட்டுப் போகிறவர்கள், பதில் கிடைக்காமல் கோபத்தோடு திரும்புகிறார்கள். ‘பணத்தை வாங்கிக்கொண்டு நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்’ என்பது எங்கும் கேட்கும் புகார். அறிவுரை வேண்டுமென்றால் அதை இலவசமாகத் தரச் சித்தப்பா முதல் எதிர்வீட்டுக்காரர் வரை ஆள் இருக்கிறார்கள். முடிவை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் ஆலோசகருடைய தொழில்.

முதல் அமர்வு, சில சமயம் இரண்டாவதும், பெரும்பாலும் விசாரணையிலேயே போகும். தூக்கம், பசி, குடி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. பெரும்பாலான இடங்களில் ஓர் அமர்வு 45 முதல் 50 நிமிடம், வாரம் ஒருமுறை. சி.பி.டி. எனப்படும் சிந்தனை–நடத்தை சிகிச்சை என்றால் சுமாராக 12 முதல் 20 அமர்வு வரை போகும். வேறு முறைகள் இன்னும் நீளும். இரண்டு அமர்வில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது, நாற்று நட்ட மறுவாரம் கதிர் தேடுவது போலத்தான். சொல்லப்போனால், மூடிவைத்ததைத் திறப்பதால் தொடக்கத்தில் சிலருக்கு மனம் இன்னும் கலங்கும். அது நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; வேகத்தைக் குறைப்பார்கள்.

முக்கியமானதை வாசற்படியில் சொல்வது

ஐம்பது நிமிடம் அலுவலகச் சண்டையைப் பேசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே ‘இன்னொன்று... வீட்டில் தினமும் குடிக்கிறேன்’ என்று சொல்கிறவர்கள் ஏராளம். எந்த ஆலோசகரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். அடுத்தவர் வெளியே காத்திருப்பார், நேரம் முடிந்திருக்கும். வெட்கப்பட்டு மென்று விழுங்குவதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய், உட்கார்ந்ததும் கையில் கொடுத்துவிடலாம். பேச்சு வராதபோது நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

மறைப்பதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை, பயமும்தான். வீட்டில் சொல்லிவிடுவாரோ, போலீசுக்குப் போகுமோ என்ற பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருப்பதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால் விவரம் வெளியே போகலாம். குழந்தைமீது பாலியல் குற்றம் நடப்பது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தந்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் அமர்விலேயே சொல்வது அவர்கள் கடமை. சொல்லாவிட்டால் கேளுங்கள்.

தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து விழுங்குவது பெரிய தவறு. எத்தனை முறை வருகிறது, திட்டம் ஏதும் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்பார்கள். எண்ணம் வருவது வேறு, ஆயத்தமாவது வேறு என்று அவர்களுக்குத் தெரியும். முன்பு முயன்றதைச் சொன்னால் வழக்காகும் என்ற பயமும் பழையது. முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். முயற்சியையே குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

போலீசைவிடப் பெரிய சிக்கல் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா. ‘உள்ளே என்ன சொன்னாய்? எங்களைப் பற்றி என்ன சொன்னாய்?’ என்று ஆட்டோவிலேயே விசாரணை தொடங்கும். வீட்டாருக்கு எதைச் சொல்வது, யார் சொல்வது என்று ஆலோசகரோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இணையவழி அமர்வு என்றால், சுவர் மெல்லியதாக இருக்கும் வீட்டில் யார் காதில் விழும் என்பதையும் யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே நின்றுதான் ஆறு மாதம் பேசினார். மழை வந்தால் அமர்வு இல்லை.

வீட்டுப்பாடத்தை ஒப்புக்குச் செய்வது

சிந்தனை–நடத்தை சிகிச்சையில் எழுதும் பயிற்சி உண்டு. என் நோட்டில் இருந்த ஒரு வரிசை இது. நடந்தது: மேலாளர் இரவு ஒன்பது மணிக்கு ‘நாளை காலை வந்து என்னைப் பாருங்கள்’ என்று அனுப்பினார். எண்ணம்: வேலை போய்விட்டது. பயம்: நூற்றுக்கு 85. இதற்கு ஆதாரம்: சென்ற மாதம் ஒரு பிழை செய்தேன். எதிர் ஆதாரம்: இதே மாதிரி முன்பும் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், மூன்றும் சாதாரண வேலை. இதை எழுதிய பிறகு பயம்: 50. மறுநாள் அவர் கேட்டது விடுப்புப் பட்டியல்.

85 என்பது 50 ஆனதுதான் பலன், பூச்சியம் ஆகவில்லையே என்று நான் முதலில் சலித்துக்கொண்டேன். அதைவிடக் கேவலமாக, ஒருமுறை அமர்வுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாரப் பக்கங்களையும் ஒரே பேனாவில் நிரப்பினேன், பள்ளிக்கூடத்தில் பதிவேடு எழுதியதுபோல். ‘எல்லா நாளும் பயம் சரியாக 60 வந்திருக்கிறதே’ என்றார் அந்த அம்மாள். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லலாம். ஏன் செய்ய முடியவில்லை என்பதே அன்றைய பேச்சாகிவிடும். பல சமயம் அதில்தான் விஷயம் இருக்கும்.

உறவு கொண்டாடுவதும், எல்லை மீறினால் பொறுத்துக்கொள்வதும்

நம் ஊரில் மனம்விட்டுப் பேசியவர் உடனே அண்ணன், அக்கா ஆகிவிடுவார். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுப்போம், தீபாவளிக்குப் பலகாரம் எடுத்துப் போவோம். ஆலோசகர் விழாவுக்கு வராமல் இருந்தால் அது அலட்சியம் இல்லை. வெளியே உறவு வைத்துக்கொண்டால் உள்ளே பேச்சு கெடும் என்பது அவர்கள் தொழில் ஒழுங்கு.

எல்லையை மீறுவது அவராக இருந்தால், அங்கே மரியாதைக்கு இடமே இல்லை. பாலியல் பேச்சோ தொடுகையோ, கடன் கேட்பது, தன் சொந்தக் கதையைப் புலம்புவது, ஜாதகத்தையோ மதத்தையோ திணிப்பது எல்லாம் கிளம்பிவிட வேண்டிய அடையாளங்கள். ஒரு பாலின ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்கிறவரும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தடை செய்து உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்த வழக்கை விசாரித்தபோது, தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த நீதிபதியே ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குப் போய்வந்தார். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு நீதிபதிக்கு முடிந்திருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது

தனியாரிடம் ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேலும் ஆகிறது. கட்டுப்படியாகவில்லை என்றால் சொல்லுங்கள். கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றுபவர்களும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், மாவட்ட மனநலத் திட்டமும், 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. அங்கே கூட்டம் அதிகம். ஐம்பது நிமிடப் பேச்சு எல்லா நாளும் அமையாது. ஆனாலும் சரியான நோயறிதலும் மருந்தும் கிடைக்கும்.

வாராந்திர அமர்வு நள்ளிரவு ஆபத்துக்கு உதவாது. அதற்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இந்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் நின்றுவிடுவது

நான் செய்த முதல் தவறு இதுதான். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றலாம்; அதில் துரோகம் ஏதும் இல்லை. மூன்று நான்கு அமர்வு ஆகியும் இவர் என்னைப் புரிந்துகொள்கிறார் என்ற உணர்வு வரவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். முன்னேறிவிட்டோம் என்று தோன்றி நிறுத்தினாலும், முடிப்பதற்கென்று ஓர் அமர்வு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கலக்கம் திரும்பினால் எந்த அறிகுறி முதலில் வரும், அப்போது என்ன செய்வது என்று அதில் பேசிக்கொள்ளலாம்.

பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது, இரண்டாவது ஆலோசகரிடம் எனக்கு ஆறாவது வாரம் நடந்தது. நாற்பது நிமிடம் வேறு ஏதேதோ பேசினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். பிறகு, ‘சென்ற வாரம் நீங்கள் என் அப்பாவைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை’ என்றேன். குரல் நடுங்கியது. அந்த அம்மாள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். ‘நல்லது. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நான் என்ன சொன்னேன், உங்கள் காதில் என்ன விழுந்தது, சொல்லுங்கள்’ என்றார்.