மானியக் கோப்பில் பிழை கண்டதும் மோசடி என்று எழுதிவிடாதீர்கள்

அமெரிக்காவில் வருமானம் குறைந்த பெற்றோர் வேலைக்கோ படிப்புக்கோ போகும் நேரத்தில் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுச் செல்ல, கூட்டாட்சி அரசின் குழந்தைப் பராமரிப்பு மேம்பாட்டு நிதியிலிருந்து மாநிலங்கள் மானியம் தருகின்றன. அது தகுதியற்றவர்களுக்குப் போனதா என்று விசாரிப்போர் செய்யும் மிக மோசமான தவறு, விதி தவறிச் செலவான ஒவ்வொரு டாலரையும் திருடப்பட்ட டாலராக எண்ணுவது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒரு தாயின் மாத வருமானத்தை 2,000 என்று அலுவலர் எழுதிவிடுகிறார். ஆண்டுக்கு 26 சம்பளம்; 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,167 டாலர். சம்பளச் சீட்டு கோப்பிலேயே இருக்கிறது, அவர் எதையும் ஒளிக்கவில்லை. இது அலுவலகத்தின் பிழை. கேள்வி புரியாமல் வரி பிடித்தம் போக மிஞ்சிய தொகையை எழுதியிருந்தால் அது பெற்றோரின் பிழை. போலிச் சம்பளச் சீட்டு, இல்லாத நிறுவனத்தில் வேலை, வீட்டிலேயே இருக்கும் துணைவரின் வருமானத்தை மறைப்பது ஆகியவை மோசடி. அதுவும் தெரிந்தே செய்தார் என்று நிறுவினால்தான். மோசடியில் போன பணத்தைப் பொறுப்பாளியிடமிருந்து மாநிலம் வசூலித்தே ஆக வேண்டும் என்கிறது கூட்டாட்சி விதி. மற்றப் பிழைகளில் அந்தக் கட்டாயம் இல்லை.

மாநிலங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாதிரிக் கோப்புகளை எடுத்துப் பிழை விகிதம் கணக்கிடுகின்றன. அது 10 சதவீதத்தை எட்டினால் திருத்தத் திட்டம் தர வேண்டும். இதையே மோசடி விகிதம் என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. கோப்பில் ஒரு தாள் விடுபட்டதும், பெற்றோருக்குக் குறைவாகக் கொடுத்ததும்கூட அந்த விகிதத்தில் சேரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இன்னொரு தவறு, இன்றைய நிலையை வைத்து அன்றைய தகுதியை அளப்பது. 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருமுறை தகுதி பெற்ற குடும்பத்துக்குக் குறைந்தது 12 மாதம் மானியம் உண்டு. இடையில் வருமானம் கூடினாலும், குடும்ப அளவுக்கேற்ற மாநில இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் ஈட்டும் தொகை) 85 சதவீதத்தைத் தாண்டாதவரை தகுதி போகாது. வேலை நேரம் குறைந்தாலும், தற்காலிக விடுப்பில் போனாலும், பிள்ளைக்கு நடுவில் 13 வயது ஆனாலும் அப்படித்தான். வேலையே போய்விட்டால் மாநிலம் மானியத்தை நிறுத்தலாம்; ஆனால் வேறு வேலை தேடக் குறைந்தது மூன்று மாதம் விட்டாக வேண்டும். இந்த விதிகளைப் பாராமல் போடும் 'அதிகப்படிக் கொடுப்பனவு' கணக்கு மேல்முறையீட்டில் நிற்காது.

பெற்றோர் சொன்னதை மற்ற அரசுப் பதிவுகளோடு கணினியில் ஒப்பிட்டு வரும் முடிவை ஆதாரமாகக் கொள்வதும் ஆபத்து. வேலையளிப்போர் மாநிலத்துக்கு அனுப்பும் ஊதியப் பதிவு மூன்று மாதத் தொகையை மொத்தமாகக் காட்டுகிறது. எந்த வாரம் எவ்வளவு என்று காட்டாது. அது விசாரிக்கத் தூண்டும் குறிப்பு, அவ்வளவுதான். தந்தை தினமும் பிள்ளையை அழைத்துப் போகிறார் என்பதால் அவர் அந்த வீட்டில் வசிக்கிறார் என்றும் ஆகிவிடாது. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமத்தின் முகவரி போன்றவை ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும்.

சந்தேகமே தீர்ப்பானால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து இருக்கிறது. அங்கே வரித் துறை, ஒரு கையெழுத்து விடுபட்டதற்கும் பெற்றோர் பங்கில் சிறு தொகை கட்டாததற்கும்கூட ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கூடுதலாகக் குறிவைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் இதை இதுவரை காணாத அநீதி என்றது. 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்கு அரசு தலா குறைந்தது 30,000 யூரோ இழப்பீடு அறிவித்தது. பெற்றோரிடம் கேட்ட தொகையை ஆவணம் ஆவணமாகச் சரிபார்த்திருந்தால் இந்த இழப்பீட்டுக்குப் பெரும்பாலும் தேவையே வந்திருக்காது.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும்போது, எந்தத் தேதி, எந்தத் தொகை பற்றிய சந்தேகம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அதற்கும் முன்னால் அலுவலகத்தின் சொந்தக் குறிப்புகளைப் படியுங்கள். பெற்றோர் தொலைபேசியில் சொன்ன மாற்றம் சில நேரம் அங்கே எழுதப்பட்டு, கணினியில் ஏற்றப்படாமலே கிடக்கும்.